எதிர் நாற்காலி

ஊரார் தன்னைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களா இல்லையா என்று காட்டுவதற்காகவே தங்கபுஷ்பத்துக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவளுக்கும் முதல் வாரம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் வீட்டில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டாள்.

கோப்பில் அந்த வேலைக்கு 'எதிரமர்வாளர்' என்று பெயர். அலுவலகத்தில் 'எதிராள்' என்பார்கள். பாளையங்கோட்டையில் சமமதிப்பு ஆணையத்தின் தென்மண்டல அலுவலகத்தில், மாடியில் ஒரு சிறிய அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஒன்றில் புகாருக்கு ஆளானவர் உட்காருவார். வீடு வாடகைக்குத் தர மறுத்தவர், டீக்கடையில் தனி கிளாஸ் வைத்தவர், ரேஷன் கடையில் பையைத் தொடாமல் எட்ட நின்று அரிசியைக் கொட்டியவர், இப்படி. எதிர் நாற்காலியில் தங்கபுஷ்பம் இருப்பாள். தன் பெயரையும், தான் காலனித் தெருவில் பிறந்தவள் என்பதையும் சொல்வாள். செம்பிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டுவாள். அவர் குடித்துவிட்டுத் தரும்போது தம்ளரோடு அவர் விரலையும் தொட்டு வாங்குவாள். அவ்வளவுதான் வேலை. மிச்சத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

பெட்டிக்குச் சுளிப்புமானி என்று பெயர். ஊரில் மூஞ்சிப் பொட்டி. மூக்கோரத்தில் தசை ஓர் இழை இழுபட்டாலும், உள்ளங்கை லேசாக வேர்த்தாலும், நெஞ்சு திடுக்கென்று அடித்தாலும் அது கண்டுபிடித்துவிடும். எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எண்ணாகத் திரையில் காட்டும். எண் நாற்பதைத் தாண்டினால் குற்றம். அரசு ஊழியர் என்றால் வேலை போய்விடும், பெயர் ஆணையத்தின் பலகையில் ஏறும். நாற்பதுக்குள் இருந்தால் மாசற்றவர் என்று சான்று. சான்று வாங்கியவர் மேல் மூன்று வருஷத்துக்கு யாரும் மனுப் போட முடியாது.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல காரியத்துக்காகத்தான் அந்தப் பெட்டி வந்தது. அதற்கு முன்னால் ஆணையத்தில் மனுக்கள் மலையாகக் குவியும், ஒன்றும் நிற்காது. மனுப் போட்டவனே விசாரணை அன்று வந்து, "அப்படி ஒண்ணும் நடக்கல சார், நான்தான் குடிபோதையில எழுதிட்டேன்" என்பான். சாட்சி சொல்ல வந்தவள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர்கள் அன்று இரவு அதே ஊரில்தானே படுத்துத் தூங்க வேண்டும்! பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. அதை மிரட்ட முடியாது, அதற்கு வயலில் வேலை தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. பெட்டி வந்த ஒரே வருஷத்தில் டீக்கடைகளில் கிளாஸ் எல்லாம் ஒன்றானது. வீட்டுக்காரர்கள் சாவியை எடுத்து நீட்டினார்கள். தங்கபுஷ்பத்துக்கு அதில் பெருமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

ஆனால் பெருமையோடு கூடவே ஒரு சங்கடமும் இருந்தது. ஒருமுறை கூட்டுறவு சங்கத்துக் குமாஸ்தா ஒருவர் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். சின்ன வயசில் வீட்டில் சொல்லிக் கொடுத்த அழுக்கையெல்லாம் கழுவத் தவித்துக்கொண்டிருப்பவர் என்று அவர் பார்வையிலேயே தெரிந்தது. தண்ணீரை வாங்கும்போது வெட்கத்தில் அவர் காது சிவந்துபோயிற்று. பெட்டி அதையும் எண்ணில் சேர்த்துவிட்டது. வேலை போனது. "என்ன மன்னிச்சிரும்மா" என்று அவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதே வாரம் வந்த இன்னொருவன், மதுரையில் புதிதாகத் திறந்திருந்த முகப்பயிற்சி நிலையத்தில் ஒரு மாசம் படித்துவிட்டு வந்தவன், தண்ணீரைக் குடித்துவிட்டுக் கன்னத்தில் குழி விழச் சிரித்தான். அவனுக்கு எண் ஒன்பது. வெளியே போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவியதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெட்டிக்கு ஜன்னல் கிடையாது.

போன மாதம் புது விதி ஒன்று வந்தது. எதிராள் முறைத்துப் பார்த்தால் யாருக்குத்தான் முகம் சுளிக்காது, அவர்களையும் அளக்க வேண்டாமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது! அன்றிலிருந்து இரண்டு நாற்காலிக்கும் பெட்டி. இரண்டு எண்ணும் ஒரே திரையில் வரும், இரண்டு பேரும் பார்க்கலாம். இனி இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீதி என்று சொல்லி அலுவலகத்தில் அன்று லட்டு கொடுத்தார்கள்.

இதெல்லாம் இருக்கட்டும். தங்கபுஷ்பத்துக்குப் பெரிய கவலை வேறு ஒன்று.

அவள் பிறந்த ஊர் கீழக்கரும்பனூர். அங்கே அவள் அக்கா வேலுத்தாய் இருக்கிறாள். அக்கா மகள் அனிஷா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. போன முறை ஊருக்குப் போயிருந்தபோது, பிள்ளை சாப்பிடாமல் கையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. என்னவென்று கேட்டால், காலனிப் பிள்ளைகள் மட்டும் முறை வைத்துப் பள்ளிக்கூடத்துக் கக்கூஸைக் கழுவ வேண்டுமாம். எச்.எம். திரவியம் சார் சொல்லியிருக்கிறார். தங்கபுஷ்பத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளும் அதே பள்ளிக்கூடத்தில் அதையே கழுவியவள்தான். அன்றைக்கு அவர் இளம் வாத்தியார், இன்றைக்குத் தலைமையாசிரியர். வேறொன்றும் மாறவில்லை.

"மனுப் போடுட்டி. ஒம் பேரு வெளிய வராது. மனுப் போட்டவுக பேர ரகசியமா வைக்கணும்னு சட்டமே இருக்கு. நான் பொறுப்பு" என்றாள் அனிஷாவிடம்.

வேலுத்தாய் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஏ சிரிக்கி, ஒனக்கென்ன, நீ பஸ் ஏறிருவ. முன்னால மனுப் போட்ட சுப்பையா அண்ணாச்சி குடிச எரிஞ்சுது ஞாபகம் இருக்கா? யாரு எரிச்சான்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் வாயத் தொறக்கல. அந்தக் குடும்பம் எங்க போச்சுன்னே தெரியல."

"அது அந்தக் காலம். இப்ப பொட்டி இருக்கு" என்றாள் தங்கபுஷ்பம். அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு.

பிள்ளை மனுவை எழுதியது. தங்கபுஷ்பமே கையோடு கொண்டுவந்து ஆணையத்தின் மனுப்பெட்டியில் போட்டாள். தன் அக்கா மகள் என்று யாரிடமும் சொல்லவில்லை. எதிராட்களைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள், புகார் வந்த வட்டாரத்து ஆளை இயந்திரமே கழித்துவிடும். அதனால் அந்த வழக்கு தன் பக்கம் வராது என்று நிம்மதியாக இருந்தாள்.

இங்கேதான் ஒரு கூத்து நடந்தது. ஆணையத்தின் பதிவில் ஆண்களுக்குப் பிறந்த ஊர் இருந்தது. கல்யாணமான பெண்களுக்குப் புருஷன் ஊரை எழுதி வைத்திருந்தார்கள். எப்போதும் எழுதுகிற பழக்கத்தில் யாரோ எழுதியது, யாருக்கும் உறுத்தவில்லை. அவளுக்கே உறுத்தவில்லை. இயந்திரத்தின் கணக்குப்படி தங்கபுஷ்பம் விளாத்திகுளத்துக்காரி. சமத்துவத்துக்கென்றே ஓர் ஆபீஸ் நடத்துகிறவர்கள் இப்படி ஒரு பிழையைச் செய்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு திரவியம் சார் உள்ளே வந்தார்.

வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. தலை நரைத்திருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. "வணக்கம்மா" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார்.

தங்கபுஷ்பத்துக்கு முப்பத்து நாலு வயசு, கல்யாணமாகி ஒரு பையனுக்குத் தாய், அரசாங்க அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது. எல்லாம் ஒரு நொடியில் கழன்று விழுந்து, கையில் விளக்குமாற்றோடு நிற்கிற எட்டு வயசுப் பிள்ளையாகிவிட்டாள்.

தெரிந்த ஆள் வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது விதி. "தெரிஞ்ச ஆள்" என்று ஒரு வார்த்தை போதும், சோதனை நின்றுவிடும். ஆனால் அதோடு விடமாட்டார்கள். எப்படித் தெரியும், எந்த ஊர், என்ன உறவு என்று அங்கேயே கேட்டு எழுதி, உரக்கப் படித்து, எதிரே உட்கார்ந்திருப்பவர் கையிலும் ஒரு பிரதி கொடுப்பார்கள். கீழக்கரும்பனூர்க் காலனி, வேலுத்தாய் தங்கச்சி என்று காதில் விழுந்தால் போதாதா? மனுப் போட்டது யார் என்று கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்? தலைவலி என்று எழுந்து போகவும் வழியில்லை. ஆள் உட்கார்ந்த பிறகு எதிராள் காரணமில்லாமல் எழுந்தால், அவர் ஜெயித்ததாகவே கணக்கு. சொன்னால் பிள்ளை பெயர் வெளியே வரும், எழுந்தால் பிள்ளை கக்கூஸ் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவர் தன்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது. எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவர் கண்ணுக்குக் காலனிப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுதானே. கடவுளே, இந்தப் பாவிக்கு என் முகம் மறந்திருக்கணும் என்று அவள் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆரம்பிக்கலாமா?" என்றான் கனகசபை, மூலையில் திரைக்குப் பின்னால் இருந்து. பெட்டியை இயக்குகிறவன் அவன்.

"எம் பேரு தங்கபுஷ்பம். காலனித் தெருவுல பொறந்தவ." பள்ளிக்கூடத்தில் அவள் வெறும் தங்கம்தான். ஊர்ப் பெயரும் சொல்ல வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய புண்ணியம்!

"நல்ல பேரு" என்றார் அவர்.

திரையில் அவர் எண் மூன்று. அவள் எண்ணைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

செம்பை எடுத்தாள். தண்ணீர் தம்ளரில் விழுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மேஜையில் பாதி சிந்தியது. இத்தனை நாளில் அவள் ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. அவர் அவசரப்படவில்லை. மடக் மடக்கென்று குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவரே தம்ளரை அவள் கையில் வைத்து, விரல்களை அவள் விரல்மேல் ஒரு கணம் அழுத்தினார்.

"பதட்டப்படாதம்மா" என்றார் மெதுவாக.

அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். பிரம்பை எடுக்காத வாத்தியார் அவர். 'தங்கம், நல்ல பிள்ளல்லா, ஓடிப்போய் அதக் கழுவிட்டு வா பாப்போம்' என்று கன்னத்தைத் தட்டிச் சொல்லுவார். கழுவிவிட்டு வந்தால் மிட்டாய் கொடுப்பார். அந்த மனிதர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எதற்குச் சுளிக்க வேண்டும்? யார் எங்கே நிற்க வேண்டுமோ அவர்கள் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். அப்படி நிற்கிறவரைக்கும் அவருக்கு எல்லோர் மேலும் பிரியம்தான். சுப்பையாவின் குடிசை எரிந்த மறுநாள் காலனிக்கு அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான். அன்றைக்கும் இதே சிரிப்பு.

"முடிஞ்சுது" என்றான் கனகசபை. அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

அவருக்கு எண் நான்கு. தங்கபுஷ்பத்துக்கு எண்பத்தி ஒன்று.

திரவியம் சார் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

பக்கத்து அறையில் துணை ஆணையர் மீனலோசனி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து விருப்பப்பட்டு இங்கே மாற்றல் வாங்கி வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதிராட்களுக்குக் காப்பீடு வேண்டும் என்று மேலிடத்தோடு சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவர்.

"தங்கபுஷ்பம், என்ன ஆச்சு உனக்கு? எண்பத்தி ஒண்ணு! இந்த ஆபீஸ்ல இது வரைக்கும் யாருக்கும் வந்ததில்ல. விதிப்படி பார்த்தா குற்றவாளி நீதான். அந்த சமூகத்து ஆள் மேல உனக்குப் பாகுபாடு இருக்குன்னு பெட்டி சொல்லுது."

"எனக்கா மேடம்?"

"நான் சொல்லல. பெட்டி சொல்லுது."

கனகசபை பொறுக்க மாட்டாமல் உள்ளே வந்தான். "மேடம், அது சுளிப்பு இல்ல. இந்தப் பிள்ளைக்குப் பயம். நல்லாத் தெரியுது."

"பயத்துக்கும் அருவருப்புக்கும் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாதா?"

"தெரியாது மேடம். ரெண்டுக்கும் வேர்க்கும், ரெண்டுக்கும் நெஞ்சு அடிக்கும், ரெண்டுக்கும் ஒடம்பு பின்னால போவும். வெக்கத்துக்கும் அப்படித்தான். அருவருக்கவன அது பிடிக்கும், வெக்கப்படுதவனயும் பிடிக்கும், பயப்படுதவளயும் பிடிக்கும். ஒண்ணுமே தோணாதவன மட்டும் விட்டுரும்."

மீனலோசனி தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எனக்குத் தெரியும் கனகசபை. முதல் அறிக்கையிலயே அதை எழுதியிருந்தோம். பெட்டிய எல்லா மாவட்டத்துக்கும் வாங்கணும்னு முடிவானப்போ அந்தப் பக்கத்தை எடுத்துட்டாங்க. நல்லது நிறைய நடக்குதேன்னு நானும் பேசாம இருந்துட்டேன்" என்றார்.

அப்புறம் தங்கபுஷ்பத்தின் பக்கம் திரும்பினார். "உண்மையச் சொல்லு. அந்த ஆளை உனக்கு முன்னாலயே தெரியுமா? தெரியும்னா இந்தச் சோதனை செல்லாது. மறுபடியும் முதல்லேர்ந்து விசாரிக்கலாம். மறைச்சதுக்காக உன் வேலை போகும், அது வேற. ஆனா அந்த ஆள் தப்பிக்க மாட்டார்."

கதவு ஒருச்சாய்த்திருந்தது. அந்தப் பக்கம் பெஞ்சில் திரவியம் சார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவர் காதுக்குக் கேட்கும் தூரம்தான். அவளுக்கு வேலை போவது பற்றி ஒன்றுமில்லை, ஊரில் களை எடுக்கவும் அவளுக்குத் தெரியும். அனிஷாவின் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. ராத்திரி ஓலைக் கூரையில் தீப்பற்றுகிற சடசட சத்தம் காதுக்குள் கேட்டது. நான் பொறுப்பு என்று எந்த வாயால் சொன்னோமோ அந்த வாயை இப்போது மூடிக்கொள்வதுதான் பிள்ளைக்கு நல்லது என்று நினைத்தாள்.

"தெரியாது மேடம்."

"நல்லா யோசிச்சியா?"

"தெரியாது மேடம். இன்னைக்குத்தான் பாக்கேன்."

மீனலோசனி பேனாவை எடுத்தார். வேறு வழியில்லை. திரவியம் சாருக்கு மாசற்றவர் என்று சான்று. தங்கபுஷ்பத்துக்குப் பணிநீக்கம், பலகையில் பெயர். பெற்றுக்கொள்ள உள்ளே வந்த திரவியம் சார் பதறிப்போனார்.

"ஐயையோ, பலகையிலயா? வேண்டாம்மா. பாவம், வயித்துப்பாட்டுக்கு வந்த பிள்ள. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மன்னிச்சு விட்டுருங்க" என்றார். அவர் சொன்னது நடிப்பில்லை. உண்மையாகவே இரக்கப்பட்டார். அதுதான் தங்கபுஷ்பத்தின் ஈரக்குலையை நடுங்க வைத்தது.

அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் படியில் இறங்கினாள். அழுகை வரவில்லை. போனால் போகிறது, பிள்ளை பெயர் வெளியே வரவில்லை. மூன்று வருஷத்துக்கு மனுப் போட முடியாதே தவிர, அனிஷா இன்னும் கொஞ்ச நாளில் எட்டாவது முடித்து வேறு பள்ளிக்கூடம் போய்விடுவாள். இதைச் சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி தங்கம்."

படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். மேலே அவர் சொன்ன 'அம்மா' இப்போது காணாமல் போயிருந்தது. கோபமாகவெல்லாம் இல்லை. கையில் சான்றை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி வளந்துட்ட! உள்ள நொழையும்போது சத்தியமா எனக்கு அடையாளம் தெரியலட்டி. மனு போட்டது யாருன்னும் தெரியாது. காலனியில எத்தன பிள்ளைக இருக்கு, எதுன்னு நெனைக்க? அப்புறம் அந்தத் திரையப் பாத்தேன். எண்பத்தி ஒண்ணு! முன்னப்பின்ன தெரியாத ஆளப் பாத்து ஒருத்தி எதுக்கு இம்புட்டுப் பயப்படணும்னு யோசிச்சேன். கழுத்து மச்சத்தப் பாத்தேன். ஆகா, நம்ம வேலுத்தாய் தங்கச்சில்லா இதுன்னு பிடிபட்டுட்டு. அதுக்கப்புறம் கணக்கு லேசுதான."

"அனிஷா நல்லாப் படிக்கா" என்றார் அவர், அதே சிரிப்போடு. "கையெழுத்தும் மணிமணியா இருக்கும். ஒங்க அக்காகிட்ட சொல்லு, பிள்ளைய லீவு போடாம அனுப்பணும்னு. நான் விசாரிச்சேன்னு சொல்லு, என்ன?"

செருப்புச் சத்தம் கீழே இறங்கிப் போயிற்று. வாசலில் கார் கிளம்பியது.

தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் வாய் திறக்காமலே சொல்லிவிட்டேனே, பாவி நானே காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அக்காவுக்குப் போன் போட்டாள். விரல் வழுக்கி வழுக்கி எண் தப்பியது. கடைசியில் வேலுத்தாய் எடுத்தாள்.

"எக்கா, பிள்ள எங்க?"

"வீட்டுலதான் இருக்கா. காய்ச்சல்னு இன்னைக்கு அனுப்பல. என்னட்டி, ஒங் கொரலு ஒரு மாரி இருக்கு?"

"கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இருங்க. யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க. ஒண்ணும் கேக்காத, சொன்னதச் செய்யி."

அக்கா என்னவோ கத்தினாள். அவள் போனை வைத்துவிட்டு மேலே ஓடினாள். இறங்கும்போது கனத்த கால்கள் இப்போது எப்படி ஓடின என்று அவளுக்கே தெரியாது. மீனலோசனியின் அறைக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"மேடம், பொய் சொல்லிட்டேன். அந்த ஆள எனக்குத் தெரியும். எங்க ஊரு வாத்தியாரு. நான் கீழக்கரும்பனூர்க்காரி. மனுப் போட்டது எங்க அக்கா மவ."

மீனலோசனி எழுந்து நின்றுவிட்டார். "கடவுளே. உனக்கு விளாத்திகுளம்னுல்ல இருக்கு?"

"அது அவரு ஊரு மேடம். எம் புருசன் ஊரு."

அந்த அம்மாள் கண்ணை மூடித் திறந்தார். "சரி. இப்ப நீ வாக்குமூலம் குடுத்தா சோதனை செல்லாம போகும். பெட்டி போட்டுத்தான் எழுதணும், பிரதி அந்த ஆளுக்கும் போகும். உன்மேல வழக்கு வரும். அது பரவால்லன்னே வச்சுக்க. பிள்ளை பேரு வெளிய வந்துருமே, தங்கபுஷ்பம்."

"வந்துட்டு மேடம்."

"எப்படி? என் பீரோவ விட்டு அந்த மனு வெளிய போகலையே!"

"எம் மூஞ்சி சொல்லிட்டு. நான் பயந்தத உங்க பொட்டி அவருக்குப் பெருசா எழுதிக் காட்டிருக்கு. அத வச்சுத்தான் கண்டுபிடிச்சாராம். படிக்கட்டுல நின்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போறாரு."

மீனலோசனி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீதி என்று லட்டு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். போனை எடுத்தார். ஆபீஸ் வண்டியைக் கீழக்கரும்பனூருக்கு விரட்டச் சொன்னார், கூடவே பெண் காவலர் ஒருவரை ஏற்றிக்கொள்ளச் சொன்னார். பிள்ளையையும் தாயையும் உடுத்த துணியோடு கூட்டிக்கொண்டு வந்தால் போதும் என்றார். போனை வைத்த பிறகும் அவர் கை அதன் மேலேயே இருந்தது.

"வண்டி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அவர் போய்ச் சேர்ந்துட்டா?" என்றார். யாரிடம் கேட்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

"எழுதுங்க மேடம். இந்த ஒரு மணி நேரத்தச் சும்மா விட வேண்டாம்" என்றாள் தங்கபுஷ்பம்.

அளக்கும் அறைக்குப் போனார்கள். தங்கபுஷ்பம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை காலத்தில் இந்தப் பக்கம் உட்காருவது இதுதான் முதல் தடவை. மீனலோசனி எதிரே உட்கார்ந்து காகிதத்தை எடுத்தார். கனகசபை பெட்டியைப் போட்டான். திரையில் எண் கிடுகிடுவென்று ஏறியது. அறுபது, எழுபது, எண்பது.

"தங்கம், அளவு எகிறுதும்மா. வாக்குமூலத்த நம்பாதீங்கன்னு நாளைக்கு அவங்க வக்கீலு இதத்தான் காட்டுவான். கொஞ்சம் பொறுத்து, பயம் தெளிஞ்சப்புறம் எழுதுவோமா?" என்றான் கனகசபை.

தங்கபுஷ்பம் திரையைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயம் எப்ப சார் தெளிஞ்சுது எங்களுக்கு? ஏறட்டும். நான் பயந்துக்கிட்டேதான் சொல்லுவேன். எழுதிக்கிடுங்க."